ஐந்து அவரைப்பிஞ்சு

என் உள்ளங்கையில் ஐந்து அவரைப்பிஞ்சுகள் இருந்தன. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் விதை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நிழல்தான் தெரிந்தது. ஒன்றின் நுனியில் வாடிய பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடி, பின்பக்கத்துக் கேலரி. கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கீழே துவைக்கிற கல்லில் யாரோ புடவையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால், உள்ளே, என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

டைஃபாய்டு ஜுரம் இறங்கிப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் மனுஷர் சாப்பிட மாட்டேன் என்கிறார். குழைய வடித்த சாதத்தைக் கிண்ணத்தில் போட்டு நாலு நாளாக வாயருகே கொண்டுபோவதும், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், நான் திரும்பி வருவதுமாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் படியிறங்கும்போது, ஜுரத்திலிருந்து தப்பித்தவன் பட்டினியால் போனான் என்று ஆகிவிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

கையிலிருந்த ஐந்தையும் பார்த்து, "நீங்களாவது பாருங்கோளேன்" என்றேன். அவரைக்காயிடம் வேண்டிக்கொண்ட ஒரே பெண்பிள்ளை பம்பாயில் நானாகத்தான் இருப்பேன்.

பெயர் சொல்ல மாட்டேன்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "இவர், இவர் என்றே எழுதுகிறீர்களே, அவருக்குப் பெயர் கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருந்தது. நல்ல பெயர். ரேஷன் கார்டில்கூட அவர் எழுதினாரே தவிர நான் சொன்னதில்லை. எழுபது தாண்டிய பிறகு புதுசாக ஆரம்பிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவர் இவராகவே இருக்கட்டும்.

தை மாதம் பாலக்காட்டில் எங்கள் கல்யாணம். மாசியில் பம்பாய் வந்துவிட்டேன். இவருக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனார் ஊரில். ஆக, ஒரு ரூம், ஒரு சமையற்கட்டு, ஒரு கேலரி, நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்கொருவர் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"காப்பி ஆச்சா?" என்பார். "ஆச்சு" என்பேன். அன்றைய பேச்சில் பாதி அதோடு முடிந்துவிடும்.

ஒரே தட்டு

வீட்டில் தட்டும் ஒன்றுதான். கிங்ஸ் சர்க்கிள் கடையில் வாழையிலை கிடைக்கும், ஆனால் அது பண்டிகைக்கு. மற்ற நாளெல்லாம் தட்டு. இவர் சாப்பிட்டு எழுந்ததும் அதே தட்டில் நான் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான், மன்னியும் அப்படித்தான். இந்தக் காலத்துப் பெண்கள் முகம் சுளிக்கலாம், சுளித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

இவர் ஒரு காரியம் செய்வார். தட்டின் ஓரத்தில் எனக்கென்று கொஞ்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பார். இரண்டு துண்டு வாழைக்காய், ஒரு அப்பளத்தில் பாதி, இப்படி ஏதாவது. சொல்ல மாட்டார். நானும் கேட்கமாட்டேன். கறி நன்றாக வந்த அன்று ஓரத்தில் நிறைய இருக்கும். இவர் என்னிடம் பேசியதெல்லாம் அந்தத் தட்டின் ஓரத்தில்தான்.

ஒரு நாள் மட்டும் ஓரத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மொச்சைக் குழம்பு வைக்க ஆசை வந்தது. யுத்த காலம். நம்மவர்கள் கடையில் மொச்சை வரவில்லை என்றார்கள். பக்கத்துத் தெருவில் மராத்திக்காரர் தானியக் கடைக்குப் போய், விரலால் உருவம் காட்டிக் கேட்டேன். "வால்? வால் பாயிஜே?" என்றார் கடைக்காரர், வால் வேண்டுமா என்று. கையில் எடுத்துக் காட்டினார். சின்னதாக இருந்தாலும் மொச்சை ஜாடைதான். சரி என்று வாங்கி வந்து, இரவு ஊறப்போட்டு, காலையில் அப்படியே வேகவைத்துப் புளியை ஊற்றிக் குழம்பு வைத்துவிட்டேன்.

சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஸ்வாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் வாயில் வைத்தால் எச்சில் ஆகிவிடும். மணத்தை வைத்துத்தான் உப்பு, புளி, காரம் எல்லாம். மணம் பிரமாதமாக இருந்தது.

இவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் குழம்பு வாங்கிக்கொண்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் பார்க்கிறேன், தட்டில் ஒன்றுமே இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. இவ்வளவு நல்ல குழம்பில் எனக்கு ஒரு கொட்டைகூட வைக்கத் தோன்றவில்லையா? அடிச்சட்டியில் மிச்சம் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தேன்.

விஷக் கசப்பு!

அது கசப்பு வால். மராத்திக்காரர்கள் அதை முளைகட்டித் தோலை ஒவ்வொன்றாக உரித்த பிறகுதான் சமைப்பார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? மனுஷர் அந்தக் கசப்பை எனக்கு வைக்காமல் தானே முழுசாகச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பியிருக்கிறார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"சொல்லியிருக்கப்படாதா?"

"எதை?" என்றார் இவர்.

பூக்காத கொடி

ரயில்வே ஸ்டேஷனில் அந்த நாளில் விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். காலி இடத்தையெல்லாம் காய்கறித் தோட்டமாக்குங்கள், யுத்தத்துக்கு உதவுங்கள் என்று. இவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் வந்து என்னிடம் கேட்டார்.

"தைலா, நோக்கு என்ன காய் ரொம்பப் பிடிக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்தது முதல் என்னை யாரும் கேட்காத கேள்வி. அடுப்பில் அவரைக்காய்க் கறி வதங்கிக்கொண்டிருந்தது. கையில் கரண்டி. அதைப் பார்த்துக்கொண்டே, "அவரைக்காய்" என்றேன்.

உண்மையில் எனக்கு அவரைக்காய் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது சேனை. ஆனால் சொன்னது சொன்னதுதான். என் அம்மாவுக்குக் கடிதம் எழுதி, வெள்ளைப் பூப் பூக்கிற வீட்டவரை விதை தபாலில் வரவழைத்தார். பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தி நட்டார். முளைத்து வந்ததும் சணல் கயிறு கட்டி எங்கள் முதல் மாடிக் கேலரிவரை ஏற்றினார்.

அது வளர்ந்தது பாருங்கள்! வைகாசியில் கேலரிக் கம்பியை முழுக்கச் சுற்றிக்கொண்டது. ஆனியில் மழை பிடித்ததும் இரண்டாம் மாடிக்காரர்கள் ஜன்னலை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். ஆனால் பூ? ஒன்றுகூட இல்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, இலை, இலை, இன்னும் இலை.

கட்டடத்து ஆண்களுக்கெல்லாம் கொண்டாட்டம். "என்ன சார், உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி வளர்ந்துண்டே போறதே, முடியற வழியைக் காணோமே" என்பார்கள். இவர் சிரித்துக்கொள்வார். ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்ததும் கேலரிக்குப் போய் ஒவ்வொரு நுனியாகத் திருப்பிப் பார்ப்பார். அசுவினிப் பூச்சி பிடித்த இலையில் அடுப்புச் சாம்பலைத் தூவுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அப்புறம் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். பிறகு ஒரு நாள் சாம்பல் கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

கீழ் வீட்டுப் பார்வதி மாமிக்குத்தான் கொடியைக் கண்டால் ஆகாது. மாமிக்கு மடி, ஆசாரம் அதிகம். கொடியிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி மாமியின் மடிப் புடவையில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க மாமி பேசியது மாட்டுங்கா ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

"இது காய்க்கிற கொடியில்லடி தைலா. வெட்டிப் போடு. இல்லாட்டா நான் சொல்றதைக் கேளு. காய்க்காத கொடியை வெளக்கமாத்தால நாலு சாத்து சாத்தினாக்க ரோஷம் வந்து காய்க்கும். எங்காத்துப் புளிய மரமே அப்படித்தான் காய்ச்சுது."

இதை இவரிடம் சொன்னேன். இவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வாயில்லாத ஜீவனைப் போய் அடிப்பாளா? அது எப்போ பூக்கணுமோ அப்போ பூக்கும். நீ அதைத் தொடப்படாது, கேட்டியா?"

விளக்குமாறு

புரட்டாசிக் கடைசியில் இவர் தலைவலி என்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தார். பத்து நாளில் டைஃபாய்டு என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. பார்லி கஞ்சித் தண்ணீர், திரித்த பாலில் வடித்த நீர், நெற்றியில் ஈரத்துணி, அப்புறம் காத்திருப்பது. அவ்வளவுதான் வைத்தியம்.

டாக்டர் மராத்திக்காரர். என்னிடம் பம்பாய் ஹிந்தியில் பேசுவார். முதல் நாளே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். "உஸ்கா ஜூட்டா மத் கானா, பாயி." இவருடைய எச்சில் எதையும் நான் சாப்பிடக்கூடாது. இவருடைய பாத்திரத்தைத் தனியாகக் கொதிக்கவைக்க வேண்டும். அதை மட்டும் எனக்குப் புரிகிறவரை மூன்று தடவை சொன்னார்.

பார்லித் தண்ணீருக்கு எதற்குத் தட்டு? எங்கள் தட்டைத் தேய்த்து அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். அதை எடுத்து எனக்கு மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிட மனம் வரவில்லை. பசித்தால் சட்டியிலிருந்து இரண்டு வாய், அடுப்படியில் நின்றுகொண்டே. அதுவும் பசித்தால்தான். இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கு எழுதியும் யாராலும் வர முடியவில்லை. ரயிலில் பட்டாளத்துக்காரர்களுக்கே இடமில்லாத காலம். மூன்றாம் வாரம் இவருக்கு நினைவு தப்பிப் பேச்சுக் குழறியது. யார் யார் பெயரையோ சொன்னார். நடுவில் ஒரு தடவை தெளிவாக, "கொடிக்குத் தண்ணி விட்டியோ?" என்று கேட்டார்.

"விட்டேன்" என்றேன். பொய். கொடியைத் திரும்பிப் பார்த்தே பத்து நாள் ஆகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த இரண்டு நாளைத் தாண்டவேண்டும் என்றார். அவர் போனதும் நான் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே போனேன், சொன்ன பொய்யை நிஜமாக்கலாம் என்று. மழை நின்று அடித்த வெயிலில் அந்தக் கொடி பச்சைப்பசேல் என்று நின்றது. ஒரு வாட்டம் இல்லை. உள்ளே மனுஷர் எலும்பாகக் கிடக்கிறார். அவர் கையால் வளர்ந்தது இப்படிக் கொழுத்து நிற்கிறது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்தேன்.

நாலு சாத்து இல்லை. கை ஓயும்வரை அடித்தேன். பூக்கட்டும் என்று அடிக்கவில்லை. யாரையாவது அடிக்கவேண்டியிருந்தது, அது ஒன்றுதான் அகப்பட்டது. இலையெல்லாம் கிழிந்து தரையில் கிடந்தன. இவர் கட்டிய சணல் கயிறு ஓரிடத்தில் அறுந்து தொங்கியது.

பார்வதி மாமி வாசலில் வந்து நின்றாள். பூச்சி விழுந்ததற்கு அவ்வளவு பேசிய மாமி அப்போது ஒன்றும் பேசவில்லை. மடிப் புடவையோடு வந்து என் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். அப்படியே என்னைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மடி போனதைப் பற்றி மாமி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. அதைத் தொடப்படாது என்று சொன்னாரே. அவர் சொன்ன ஒன்றே ஒன்றை மீறிவிட்டேனே. அவருக்கு ஏதாவது ஆனால் இதனால்தான் என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடியைத் திரும்பத் தூக்கிக் கட்டினேன்.

இரண்டு நாள் தாண்டிற்று. நாலாம் வாரம் டாக்டர் தர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தாப் உதர்லா" என்றார். ஜுரம் இறங்கிவிட்டது என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சொர்ணத்தின் தீர்ப்பு

தாராவியிலிருந்து சொர்ணம் என்று ஒரு அம்மாள் தலையில் கூடையோடு காய்கறி கொண்டுவருவாள். திருநெல்வேலிச் சீமைக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள் என்றாலும் என்னை "தாயி" என்றுதான் கூப்பிடுவாள். ஜுரம் விட்டு ஐந்தாறு நாள் கழித்து வந்தவள், கூடையை இறக்குவதற்கு முன்னால் நிமிர்ந்து கொடியைப் பார்த்தாள்.

"ஏ தாயி! பூத்திருக்கு, சும்மா நிக்கிய?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். நான் அடித்துக் கிழித்த இடத்துக்கு மேலே, இலைக்கு இடையே வெள்ளை வெள்ளையாகப் பூங்கொத்து. கீழே ஏற்கெனவே வாடிப் பிஞ்சுவிட ஆரம்பித்த பூக்களும் இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விளக்குமாற்றால் அடித்த கதையை அவளிடம் அப்படியே சொன்னேன். அடித்ததால்தானே பூத்தது? அடித்ததால்தானே இவருக்கும்...

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன தாயி பேசுதிய? வெளக்கமாத்துக்குப் பயந்து அவரை பூக்குமாக்கும்! எந்த மாசம் போட்டிய?"

"பங்குனி."

சொர்ணம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பங்குனியில யாராவது அவரை போடுவாவளா? ஆடியில போடணும்லா. நீங்க எப்பப் போட்டாலும் அது ஐப்பசியிலதான் பூக்கும். பகப்பொழுது குறையணும், பனி தட்டணும். எட்டு மாசமா அய்யா எலையை வளத்திருக்காவ. ஏன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் மண்ணைத் தொட்டவர் யாரும் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்ல நாள் குறிக்கத் தெரிந்தது. விதைக்கிற பட்டம் பார்க்கத் தெரியவில்லை. கட்டடம் முழுக்கப் படித்தவர்கள், அத்தனை பேரும் கேலி செய்தார்களே தவிர ஒருவருக்கும் இது தெரியாது. வாரம் தவறாமல் வாசலுக்கு வந்துபோகிற சொர்ணத்திடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் சிரித்த சிரிப்பில் என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. நான் அடித்ததால் கொடி பூக்கவில்லை. அப்படியானால் நான் அடித்ததால் இவருக்கும் ஒன்றும் ஆகாது.

"அய்யா சாப்பிடுதாவளா?" என்று கேட்டாள்.

கஞ்சித் தண்ணீரே பாதி திரும்பி வருகிறது, இனிச் சாதம் கொடுக்கிறபோது என்ன செய்யப்போகிறேனோ என்றேன்.

"காய்ச்சல்ல கெடந்த வாய்க்கு ஒண்ணும் ருசிக்காது. எங்க பக்கம் பத்தியத்துக்கு அவரைப்பிஞ்சுதான். கொட்டை பிடிக்கதுக்கு முன்ன பறிச்சு, நாரை எடுத்துட்டு, மெத்துனு வேகவச்சுக் குடுங்க. எங்கூடையில இருக்கது எல்லாம் முத்தலு, அய்யாவுக்கு ஆகாது. இதுல வாரதுதான் ஆகும்."

டாக்டரிடம் கேட்டேன். அவரைப்பூவைக் காட்டி, கையால் பிஞ்சின் அளவைக் காட்டி, தெரிந்த ஹிந்தியையெல்லாம் கொட்டினேன். சாதம் கொடுக்கிற அன்றைக்குத் தரலாம், நார் கூடாது, விதை கூடாது, நன்றாக மசிய வேண்டும் என்றார். அதற்குப் பிறகு சாதமும் கொடுத்தாயிற்று, இவர் முகத்தைத் திருப்பியும் ஆயிற்று. பிஞ்சு மட்டும் நீளவே மாட்டேன் என்றது. காலையிலும் மாலையிலும் இவர் பார்த்ததுபோல நுனி நுனியாகத் திருப்பிப் பார்த்தேன்.

முதலில் நீ

அப்படிப் பறித்ததுதான் அந்த ஐந்து.

நாரை உரித்தேன். அவ்வளவு பிஞ்சில் நாரே இல்லை, இருந்தாலும் விடவில்லை. துளி நெய், துளி சீரகம். சாதத்தோடு சேர்த்து வேகவைத்தால் குழைந்து காணாமல் போய்விடும் என்று தனியாக, முழுசாக வேகவைத்தேன். கண்ணால் பார்த்தாலாவது ஆசை வராதா? ஒரு கிண்ணத்தில் ஐந்தையும் வைத்து, அலமாரியிலிருந்து தட்டை எடுத்துக் கொஞ்சம் சாதம் பிசைந்து, இவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்ந்தேன்.

"இங்கே பாருங்கோ. நம்ம கொடியில காய்ச்சது."

இவர் திரும்பினார். கண் மட்டும்தான் முகத்தில் மிச்சமிருந்தது. கிண்ணத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பூத்துதா?" என்றார்.

"பூத்தது. நிறைய. இன்னும் வரும். இன்னிக்கு அஞ்சுதான் ஆச்சு."

எழுந்து உட்காரவேண்டும் என்று ஜாடை காட்டினார். தலையணையை முதுகுக்கு வைத்துத் தூக்கி உட்காரவைத்தேன். ஒரு பிஞ்சை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். என் கையைத் தள்ளிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. இதுவும் வேண்டாமா?

"இத்தனை நாளா நீ எதுல சாப்பிட்டே?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"தட்டு அலமாரியிலேயே இருந்துதே. படுத்துண்டே பார்த்துண்டிருந்தேன். ஒரு நாள்கூட எறங்கலை. நீ எதுல சாப்பிட்டே தைலா?"

ஜுரத்தில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று நான் நினைத்த நாளிலெல்லாம் இந்த மனுஷர் அலமாரியில் தட்டு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நாலு நாளாக இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு நாக்கு மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முதல்ல நீ சாப்பிடு" என்றார்.

"அதெப்படி? உங்களுக்கு முன்னாடி நானா? நன்னாயிருக்கு."

"எனக்குப் பின்னாடி சாப்பிடப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே. அப்போ முன்னாடிதான் சாப்பிடணும்."

"நீங்க சாப்பிடுங்கோ, நான் அப்புறமா..."

"அப்புறமா எதுல? சட்டியிலயா?"

இவரிடம் தர்க்கம் செய்து நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு எழுந்து உட்காரவே பலமில்லாத மனுஷரிடமும் தோற்றேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் செய்யாததை, புருஷன் எதிரில், அவர் சாப்பிடுவதற்கு முன்னால், செய்தேன். கிண்ணத்திலிருந்து இரண்டு பிஞ்சை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மென்றேன். பிறகு நிறுத்தினேன்.

உப்பே போடவில்லை.

நாரை உரிப்பதிலும் அளவு பார்ப்பதிலும் உப்பை மறந்திருக்கிறேன். எத்தனை மாதமாகச் சமைக்கிறேன், என் சமையலின் குறை இவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. உப்பு எடுத்துவர எழுந்தேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். பிடித்த கையில் பலமே இல்லை. ஆனால் என்னால் போக முடியவில்லை.

"உக்காரு" என்றார். "இப்போ குடு."

கொடுத்தேன். ஒன்று. மெல்ல மென்றார். விழுங்கினார். இன்னொன்று. மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, அதோடு ஒரு கவளம் சாதத்தையும் கொடுத்தேன். வாயைத் திறந்தார். அப்புறம் இன்னொரு கவளம். தட்டில் பாதிக்குமேல் உள்ளே போயிற்று. நான் அழுதுகொண்டே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"உப்பில்லைன்னு சொல்லப்படாதா?" என்றேன்.

"இல்லியா?" என்றார் இவர்.

அந்தக் கொடி தை வரைக்கும் காய்த்தது. கட்டடத்தில் அத்தனை வீட்டுக்கும் கொடுத்தோம். முதல் கூறு பார்வதி மாமிக்கு. சொர்ணத்தின் கூடையில் நான் ஒரு பிடி போட்டபோது, அவரைக்காய்க்காரிக்கே அவரைக்காயா என்று அவள் சிரித்தாள். வாங்கிக்கொண்டாள். அந்த வருஷம் நான் தின்ற அவரைக்காய்க்குக் கணக்கே கிடையாது. பிடிக்காது என்று இவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்வதற்குள் பிடித்துப்போய்விட்டது.

மார்கழியில் இவர் மறுபடி ஆபீஸுக்குப் போனார். முதல் நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். என்னிடம் கொடுக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ப் பிரித்தார். எங்கள் தட்டுக்குப் பக்கத்தில், அதே அளவில், இன்னொரு தட்டை வைத்தார்.

"பரிமாறு" என்றார். "ரெண்டுலயும்."